மைனஸ் 1033 எம்பி

“குறைந்தது 64 எம்பி வீடியோ நினைவகம் தேவை. உங்களிடம் இருப்பது: -1033 எம்பி.”

திரையில் இந்தப் பெட்டி வந்து நின்றபோது பக்கத்தில் இருந்த அக்கா மகன் கேட்டான்: “மாமா, உங்கள் கணினி யாருக்காவது கடன் தர வேண்டுமா?” பத்து வயதுப் பையனின் கேள்விதான். ஆனால் அந்த எண்ணை முறைத்துப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கால் மணி நேரத்தில் இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

2022 கோடை விடுமுறை. மின்சாரம் போன ஒரு மதியத்தில் பரணைக் குடைந்தவன், நான் கல்லூரி நாள்களில் வாங்கிய கார் பந்தய விளையாட்டின் குறுந்தகட்டைத் தூசியோடு எடுத்து வந்தான். 2005இல் வெளிவந்த விளையாட்டு. விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்டது. பெயர் இங்கே வேண்டாம், அந்தக் காலத்து விளையாட்டுகள் பலவும் இதே குணம் கொண்டவைதான். என்னிடம் இருப்பது டெபியன் 11 என்ற லினக்ஸ் ஓடும் மடிக்கணினி. இன்டெல் யூஎச்டி 620 வரைகலை, 8 ஜிபி நினைவகம், வைன் 5.0.3, மெசா 20.3. வைன் என்பது விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் இணக்க அடுக்கு; மெசா, ஓப்பன் ஜிஎல் என்ற வரைகலைக் கட்டளைமுறைக்கான டிரைவர் தொகுப்பு. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. குறுந்தகட்டைப் படிக்கும் வசதியும் கிடையாது. பக்கத்து வீட்டில் யூஎஸ்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன்.

நிறுவுவதில் பெரிய கதை இல்லை. 32 பிட் நிரல் என்பதால் வைனுக்குத் தனி முன்னொட்டு அடைவு (வைன் தன் விண்டோஸ் கோப்புகளையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் இடம்) ஒன்றை 32 பிட்டாக உருவாக்கினேன். முதல் ஓட்டத்தில் நேரடி வரைதல் முடக்கப்பட்டுள்ளது, 32 பிட் ஓப்பன் ஜிஎல் டிரைவர் சரியாக நிறுவப்படவில்லை போலும் என்று வைன் டெர்மினலில் திட்டியது. 64 பிட் கணினியில் புதிதாக வைன் போடுகிறவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். கணினியின் 64 பிட் டிரைவர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 32 பிட் நிரலுக்கு அது கண்ணில் படாது. மெசாவின் 32 பிட் தொகுப்பையும் சேர்த்து நிறுவியதும் அந்தத் திட்டு நின்றது. அதன் பிறகு வந்ததுதான் மைனஸ் 1033.

எண்ணைக் கொஞ்சம் தடவிப் பார்த்தால் கதை தெரியும். பைட் கணக்கை 32 பிட்டில் எழுதினால் உச்சவரம்பு 4096 எம்பி. அதே 32 பிட்டைக் குறியுடைய எண்ணாக, அதாவது மைனஸும் வரக்கூடிய எண்ணாகப் படித்தால் 2048 எம்பியைத் தாண்டியதெல்லாம் மைனஸ் பக்கம் போய்விடும். ஆக, 4096இல் 1033 போனால் 3063. என் வரைகலை பற்றி ஓப்பன் ஜிஎல் என்ன சொல்கிறது என்று டெர்மினலில் கேட்டேன். “மெசா இன்டெல் யூஎச்டி கிராபிக்ஸ் 620, வீடியோ நினைவகம் 3072 எம்பி, பொது நினைவகம்: ஆம்” என்றது. இடையில் காணாமல் போன 9 எம்பி எங்கே? விளையாட்டு 1024×768 அளவில், புள்ளிக்கு 4 பைட் வீதம் திறந்திருந்தது. அப்படி ஒரு திரைப்பரப்புக்குச் சரியாக 3 எம்பி. முன்பக்கத் திரை, பின்பக்கத் திரை, ஆழத்தைக் குறிக்கும் பரப்பு என்று மூன்று. மூன்று மூன்று ஒன்பது. இந்தப் பிரிப்பு என் ஊகம்தான், ஆனால் கணக்கு இவ்வளவு கச்சிதமாக விழுந்தபோது மகிழ்ச்சியில் பையனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அவனுக்குக் கார்தான் வேண்டும்.

2005இல் அந்த நிரலை எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விண்டோஸின் வரைகலைக் கட்டளைமுறையான டைரக்ட் 3டி 9இல் மீதமிருக்கும் நினைவகத்தைக் கேட்டால் குறியற்ற எண்ணாகத்தான் பதில் வருகிறது. அதை அவர் குறியுடைய மாறியில் வாங்கி வைத்துக்கொண்டார். 128 எம்பி கிராபிக்ஸ் அட்டையே பெருமையாக இருந்த காலத்தில் 2 ஜிபியைத் தாண்டும் அட்டையை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

வைன் எழுதியவர்கள் இதைக் கண்டிருக்கிறார்கள். வைனின் அமைப்புச் சாளரத்தில் விண்டோஸ் பதிப்பை எக்ஸ்பி என்று மாற்றினால், விஸ்டாவுக்கு முந்தைய பதிப்பு என்பதைப் பார்த்து, வீடியோ நினைவகத்தை 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகத் தானாகவே வெட்டிவிடுகிறது. குறியுடைய எண்ணில் அடங்கும் உச்சம் அதுதான். இன்னொரு வழி, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் வைனின் ரெஜிஸ்ட்ரியில் டைரக்ட் 3டி என்ற கிளைக்குள் ‘வீடியோ மெமரி சைஸ்’ என்ற பெயரில் எம்பி அளவை எழுத்துச் சரமாக எழுதுவது. நான் இரண்டையும் செய்தேன். 512 என்று எழுதினேன். அந்தக் காலத்துக்கு அது அரண்மனை.

எழுதும்போது பொதுக் கிளையில் எழுதாமல், நிரல்வாரியான அமைப்புகளுக்கென்று இருக்கும் கிளையில் விளையாட்டின் கோப்புப் பெயருக்கு அடியில் எழுதுவது நல்லது. ஒருவனுக்கு அளவெடுத்த சட்டையை ஊருக்கே மாட்டிவிட வேண்டியதில்லை.

விளையாட்டு ஓடியது. பையன் ஒரு சுற்றுப் போய் வந்தான். “மாமா, ஆறு ஏன் களிமண் மாதிரி இருக்கிறது? காருக்குக் கீழே ஏன் தோசை மாதிரி ஒரு கறுப்பு வட்டம் வருகிறது?”

உண்மைதான். கல்லூரி விடுதியில் நண்பனின் கணினியில் பார்த்தபோது அந்த ஆற்றில் வானம் தெரிந்தது; காரின் நிழல் கார் வடிவத்தில் விழுந்தது. இப்போது அமைப்புப் பக்கத்தில் ‘தண்ணீர்ப் பிரதிபலிப்பு’, ‘முழு நிழல்’ இரண்டும் சாம்பல் நிறத்தில், தொட முடியாமல் கிடந்தன. அன்றைய அட்டையைவிடப் பலமடங்கு வல்லமை உள்ள சில்லு இன்று என் மடியில் இருக்கிறது. பிறகு ஏன்?

ஊகிப்பதை நிறுத்திவிட்டு, இந்த நிரலின் காதில் என்ன விழுகிறது என்று நானும் கேட்டுப் பார்க்க முடிவு செய்தேன். சி மொழியில் எண்பது வரிக்கு ஒரு சிறு சோதனை நிரல் எழுதி, லினக்ஸிலேயே மிங்டபிள்யூ என்ற தொகுப்பான் கொண்டு 32 பிட் விண்டோஸ் நிரலாகத் தொகுத்தேன். அது நான்கு காரியங்கள் மட்டும் செய்யும். அட்டையின் அடையாளத்தைக் கேட்கும். திறன் பட்டியலைக் கேட்கும். குறிப்பிட்ட சில வடிவங்களில் படப்பரப்பு உருவாக்க முடியுமா என்று கேட்கும். ஒரு சாளரம் திறந்து மீதமுள்ள நினைவகத்தைக் கேட்கும். எல்லாவற்றையும் அச்சிட்டுவிட்டு மூடிக்கொள்ளும். வைனுக்குள் பழைய விளையாட்டுகளோடு மல்லுக்கட்டும் எவருக்கும் இப்படி ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வைனின் டைரக்ட் 3டி வழித்தடத்தைத் திறந்துவிட்டால் சில நிமிடங்களில் பல நூறு எம்பிக்குப் பதிவு கொட்டும்; அதற்குள் ஊசி தேடுவதைவிட நாமே ஒரு கேள்வி கேட்பது சுலபம்.

வந்த விடைகளில் திறன் பட்டியல் குறையே இல்லாமல் இருந்தது. ஷேடர் என்பது அட்டையே ஓட்டும் சிறு வரைகலை நிரல்; அதன் வெர்டெக்ஸ், பிக்சல் வகை இரண்டுக்கும் பதிப்பு 3.0. பட்டியலில் இது எண்களாக வரும்போது கொஞ்சம் மிரட்டும்: வெர்டெக்ஸ் ஷேடருக்கு எஃப்எஃப்எஃப்இ0300, பிக்சல் ஷேடருக்கு எஃப்எஃப்எஃப்எஃப்0300. முன்பாதி இது எந்த வகை என்று சொல்லும் முத்திரை. கடைசி நான்கு இடங்களே பதிப்பு. படப்பரப்பின் உச்ச அகலம் 16384. 2005இன் விளையாட்டு கேட்கக்கூடியது எல்லாமே இருந்தது.

அடையாளத்தில் விற்பனையாளர் எண் 8086. 1978இல் வந்த இன்டெல்லின் 8086 செயலியின் பெயரே அவர்களுக்கு அமைந்த எண் அது. ஏஎம்டிக்கு 1002, என்விடியாவுக்கு 10டிஇ. எல்லாம் பதினாறு நிலை எண்கள்; 0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் இலக்கங்களாக வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் நான் இதை மறந்து அவதிப்படப் போகிறேன்.

விளையாட்டின் அடைவுக்குள் துழாவியபோது அட்டைகளின் பட்டியல் ஒன்று சாதாரண உரைக் கோப்பாகவே கிடைத்தது. அந்தக் கால வழக்கம் அது. விற்பனையாளர் எண், அதற்கு அடியில் சாதன எண்கள், ஒவ்வொன்றுக்கும் நேராகத் தண்ணீர் எத்தனை, நிழல் எத்தனை, ஷேடர் எத்தனை என்று மதிப்பெண். ஏடிஐ (பின்னாளில் ஏஎம்டி வாங்கிய நிறுவனம்) ரேடியான் 9500இலிருந்து எக்ஸ்800 வரை ஒரு வரிசை. என்விடியா ஜீஃபோர்ஸ் 3இலிருந்து 6800 வரை ஒரு வரிசை. இன்டெல்லுக்கு 845ஜி, 865ஜி, 915ஜி என்று மூன்றே வரிகள். அதற்குக் கீழே ‘மற்றவை’ என்று ஒரு வரி, எல்லாம் பூஜ்யம்.

நியாயம் இல்லாமல் இல்லை. 845ஜி, 865ஜி இரண்டிலும் பிக்சல் ஷேடரே கிடையாது. 2004இல் வந்த 915ஜியில் பிக்சல் ஷேடர் 2.0 உண்டு, ஆனால் வெர்டெக்ஸ் வேலையை மையச் செயலிதான் இழுக்க வேண்டும். இன்டெல் என்றால் அலுவலகக் கணினி, அதில் தண்ணீரில் வானம் காட்டப் போனால் மூச்சு வாங்கும் என்று அன்று முடிவு செய்தது சரியே. என் சில்லின் சாதன எண் 5917. அந்தப் பட்டியலை எழுதிய நாளில் அது பிறக்கவே இல்லை. ‘இன்டெல், மற்றவை’ வரியில் போய் விழுந்துவிட்டது.

உனக்கு என்ன தெரியும் என்று இந்த நிரல் கேட்பதில்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிறது. திறன் பட்டியல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் குலம் கோத்திரம் விசாரித்து இலை போடுகிறது. இணக்க அடுக்கு எழுதுகிறவர்களின் தலைவலி முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். டைரக்ட் 3டி கட்டளையை ஓப்பன் ஜிஎல் கட்டளையாக மொழிபெயர்ப்பது கடினமான வேலை, ஆனால் நேர்மையான வேலை. அட்டையின் திறனைக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். பெயரைக் கேட்டால்? ஓப்பன் ஜிஎல் தருவது விற்பவர் பெயர், வரைவான் பெயர் என்று இரண்டு எழுத்துச் சரங்கள் மட்டுமே. விண்டோஸ் நிரலோ விற்பனையாளர் எண், சாதன எண், டிரைவர் கோப்பின் பெயர், டிரைவர் பதிப்பு என்று சாதிச் சான்றிதழ் முதல் வருமானச் சான்றிதழ் வரை கேட்கும். எங்கே போவது?

அந்தச் சான்றிதழ்களை வைன் எப்படித் தயாரிக்கிறது என்று மூல நிரலைத் திறந்து பார்த்தேன். படிக்கச் சுவையான பகுதி. முதலில் சரத்தை வைத்து விற்பனையாளரை ஊகிக்கிறது. எதுவும் பிடிபடாவிட்டால் ‘அடையாளம் தெரியவில்லை, என்விடியா என்று வைத்துக்கொள்கிறேன்’ என்று பதிவில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்கிறது. பிறகு வரைவானின் பெயரைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டு அட்டையைத் தேடுகிறது. மெசா போன்ற டிரைவர்கள் எண்களை நேரடியாகச் சொல்லும் நீட்சியை (கூடுதல் வசதியை) தந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்கிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால் திறனை வைத்துப் பெயர் சூட்டுகிறது: என்விடியா குடும்பத்தில் டைரக்ட் 3டி 8 அளவுக்கான திறன் இருந்தால் ஜீஃபோர்ஸ் 3, பத்துக்கான திறன் இருந்தால் 8800 ஜிடிஎக்ஸ், பதினொன்றுக்கு ஜிடிஎக்ஸ் 470. ஒன்றுமே தேறாவிட்டால் ரீவா 128, அது 1997இன் அட்டை. டிரைவர் கோப்பின் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. எக்ஸ்பி என்றால் அன்றைய என்விடியா டிரைவர் என்ன பெயரில் இருந்ததோ அந்தப் பெயர், விஸ்டாவுக்குப் பிறகு என்றால் வேறு பெயர். அப்படி ஒரு கோப்பு கணினியில் எங்கும் இருக்காது. ஆனால் கேட்கிறவனுக்குப் பெயர் வேண்டும், கொடுத்துவிடுகிறது.

சரி, என் ஆற்றுக்குத் திரும்புவோம். முதலில் செய்தது எளிய வேலை: விளையாட்டின் பட்டியல் கோப்பைப் படியெடுத்து வைத்துவிட்டு, இன்டெல்லுக்கு அடியில் 5917 என்று ஒரு வரி சேர்த்து ஜீஃபோர்ஸ் 6800இன் மதிப்பெண்களை அப்படியே ஒட்டினேன். ஆற்றில் வானம் வந்தது. பையன் கை தட்டினான். நிழல் மட்டும் தோசையாகவே இருந்தது. பட்டியலில் நிழலுக்கு முழு மதிப்பெண் கொடுத்தும் அசையவில்லை. ஆக, நிழலுக்கான கேள்வி இந்தக் கோப்பில் இல்லை, நிரலின் வயிற்றுக்குள் இருக்கிறது. 8086 என்று கேட்டவுடனேயே கதவைச் சாத்திவிடுகிறது.

அதற்கும் வைனில் மாற்று உண்டு. அதே டைரக்ட் 3டி கிளையில் விற்பனையாளர் எண், சாதன எண் இரண்டையும் நாமே எழுதலாம். ரேடியான் 9500 ஆகிவிடலாம் என்று முடிவு செய்தேன்: விற்பனையாளர் 1002, சாதனம் 4144. எழுத்தே கலக்காத எண்கள், தட்டச்சு செய்யவும் சுலபம். ரெஜிஸ்ட்ரி சாளரத்தைத் திறக்கச் சோம்பல்பட்டுக் கட்டளை வரியில் இரண்டையும் எழுதிவிட்டு விளையாட்டைத் திறந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. சோதனை நிரலின் கோப்புப் பெயருக்கும் இதே அமைப்பை எழுதி ஓட்டிப் பார்த்தேன். 8086. மீண்டும் எழுதினேன். 8086. முன்னொட்டு அடைவு தவறோ என்று பார்த்தேன், இல்லை. வைன் பதிப்பு பழையதோ என்று நினைத்து, புதிய பதிப்பைப் பதிவிறக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று.

டெர்மினலில் மேலே உருண்டு போயிருந்த ஒரு வரியை அப்போதுதான் பார்த்தேன். ‘03இஏ:1030 என்ற வரைகலை மாற்று செல்லாது, புறக்கணிக்கிறேன்.’

03இஏ யார்? நான் எழுதியது 1002 அல்லவா? அங்கேதான் தலையில் அடித்துக்கொண்டேன். கட்டளை வரி நான் கொடுத்த 1002ஐச் சாதாரணப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொண்டது. ஆயிரத்து இரண்டைப் பதினாறு நிலையில் எழுதினால் 3இஏ. நாலாயிரத்து நூற்று நாற்பத்து நான்கு 1030 ஆகிவிட்டது. எழுத்து கலக்காத எண் என்று நான் மெச்சிக்கொண்டதே எனக்கு வினையாக முடிந்தது. என்விடியாவின் 10டிஇயை எழுதியிருந்தால் அதில் இருக்கும் எழுத்தைப் பார்த்துக் கட்டளையே அந்த இடத்தில் முரண்டு பிடித்திருக்கும். சரியான பதின்ம எண்கள் 4098, 16708. அவற்றைக் கொடுத்ததும் சோதனை நிரல் ‘ஏடிஐ ரேடியான் 9500’ என்று முகம் மலர்ந்தது. இன்னொன்றும் இதில் தெரிந்தது: வைன் தன் பட்டியலில் இருக்கும் அட்டையின் எண்ணை மட்டுமே மாற்றாக ஏற்கும். கற்பனையாக ஓர் எண்ணை எழுதினால் புறக்கணிக்கும்.

ஒரு சந்தேகம் பலருக்கும் வரும். அட்டையின் பெயரை மாற்றினால் அதன் திறனும் அந்தப் பழைய அட்டையின் அளவுக்குச் சுருங்கிவிடுமா? சுருங்காது. மாற்றிய பிறகும் என் சோதனை நிரலில் ஷேடர் பதிப்பு 3.0 என்றே வந்தது. உண்மையான ரேடியான் 9500இல் அது 2.0தான். பெயர்ப்பலகைதான் மாறுகிறது, கடைக்குள் இருக்கும் சரக்கு அதேதான். அதனால்தான் இது ஆபத்தில்லாத பொய்.

ஆபத்தில்லாத பொய் என்றேன்; பயனில்லாத பொய்யாகவும் அது முடிந்தது. ரேடியான் என்று சொல்லியும் நிழல் தோசைதான்.

இந்த இடத்தில்தான் சோதனை நிரலின் மூன்றாவது கேள்வி உதவியது. நிழல் வரைவதற்கு விளக்கின் பார்வையில் ஆழத்தை ஒரு பரப்பில் எழுதி, பிறகு அந்தப் பரப்பையே படமாகப் படிக்க வேண்டும். டைரக்ட் 3டி 9இல் இதற்கு முறையான வழி வகுக்கப்படவில்லை. இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கொரு புறவழிச் சாலை போட்டுக்கொண்டன. ஏடிஐ தன் அட்டைகளில் டிஎஃப்16 என்று நான்கு எழுத்துக் குறி ஒன்றைத் தந்தது. அந்தக் குறியில் பரப்பு கேட்டால் படமாகப் படிக்கக்கூடிய ஆழப்பரப்பு கிடைக்கும். என்விடியா தனிக் குறி எதுவும் வைக்காமல், 24 பிட் ஆழப்பரப்பையே படமாக உருவாக்கலாம் என்று விட்டது. படிக்கும்போது நிழலுக்கான ஒப்பீட்டையும் அட்டையே செய்துவிடும். என் நிரலில் இரண்டையும் கேட்டேன். டிஎஃப்16: இல்லை. 24 பிட் ஆழப்பரப்பைப் படமாக: உண்டு.

அவ்வளவுதான். 1002 என்று கேட்டதும் விளையாட்டு ஏடிஐ வழியில் போய் டிஎஃப்16ஐத் தேடியிருக்கிறது. இந்த வைனில் அது இல்லாததால் தோசைக்குத் திரும்பியிருக்கிறது. அதற்கு என்விடியா வழியைக் காட்ட வேண்டும். விற்பனையாளர் எண்ணைப் பதின்மத்தில் 4318 என்றும், ஜீஃபோர்ஸ் 6800இன் சாதன எண்ணான 0041ஐ 65 என்றும் எழுதினேன். விளையாட்டைத் திறந்தேன். தொடக்கக் கோட்டில் கார் நிற்க, அதன் கதவும் கண்ணாடியும் பின் இறக்கையும் தார்ச்சாலையில் தெளிவாக விழுந்தன.

“இதுதான் மாமா கார்” என்றான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆற்றோரத்தில் போகும்போது நொடிக்கு 25 சட்டகத்துக்குக் கீழே இறங்கி இழுத்தது. டிஎக்ஸ்விகே போட்டுப் பார்க்கலாம் என்று கை அரித்தது. அது டைரக்ட் 3டியை ஓப்பன் ஜிஎல் பக்கம் கொண்டுபோகாமல் வல்கன் என்ற புதிய வரைகலைக் கட்டளைமுறைக்கு மாற்றும் இன்னொரு அடுக்கு. 1.10.1 பதிப்பை எடுத்து அதன் டைரக்ட் 3டி 9 கோப்பை மட்டும் மாற்றி வைத்தேன். வேகம் நன்றாகக் கூடியது. நிழல் மறுபடியும் தோசை. அதோடு புதிதாக ஒரு தொல்லை: ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ‘உங்கள் கிராபிக்ஸ் கார்டு மாறியிருக்கிறது, அமைப்புகளை மீட்டமைக்கிறேன்’ என்று சொல்லி, பையன் பார்த்துப் பார்த்து வைத்த விசை அமைப்பையெல்லாம் அழித்தது.

நிழல் போனதற்குக் காரணம் எளிது. டிஎக்ஸ்விகே, வைனின் டைரக்ட் 3டி கிளையைப் படிப்பதில்லை. வல்கனில் அட்டையின் விற்பனையாளர் எண்ணும் சாதன எண்ணும் நேராகவே கிடைத்துவிடும் என்பதால் அதற்கு ஊகிக்க வேண்டிய வேலையும் இல்லை. 8086, 5917 என்று உள்ளதைச் சொல்லிவிட்டது. அட்டை மாறிக்கொண்டே இருப்பதாக ஏன் நினைக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால், இந்த விளையாட்டுக்கு முன்னால் ஒரு தொடக்கச் சாளரம் வருகிறது. அட்டையை விசாரிக்க அது விண்டோஸின் பழைய வரைகலைக் கட்டளைமுறையான டைரக்ட் டிராவைப் பயன்படுத்துகிறது. நான் மாற்றியது டைரக்ட் 3டி 9 கோப்பை மட்டும். தொடக்கச் சாளரத்தின் கேள்விக்கு வைன் எழுந்து ‘ஜீஃபோர்ஸ் 6800’ என்கிறது. உள்ளே போனதும் விளையாட்டின் கேள்விக்கு டிஎக்ஸ்விகே எழுந்து ‘இன்டெல்’ என்கிறது. பெண் பார்க்க வந்தவர்களிடம் வாசலில் அப்பா ஒரு சம்பளமும் கூடத்தில் மாமா ஒரு சம்பளமும் சொன்ன கதை.

டிஎக்ஸ்விகேயின் அமைப்புக் கோப்பை விளையாட்டின் அடைவிலேயே வைத்து, டைரக்ட் 3டி 9 பகுதியில் விற்பனையாளர் எண்ணையும் சாதன எண்ணையும் எழுதினேன். இங்கே பதினாறு நிலை எண்ணையே நான்கு இடங்களாக எழுத வேண்டும்: 10டிஇ, 0041. ஒரு மேசையில் 65, இன்னொரு மேசையில் 0041. அதே கோப்பில் உச்ச நினைவகத்தை 512 என்று வைத்தேன். சோதனை நிரலை இரண்டு அடுக்கிலும் ஓட்டி, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே பையனிடம் விசைப்பலகையைக் கொடுத்தேன்.

டிஎக்ஸ்விகே எப்போதும் உள்ளதையே சொல்லும் அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். அதன் முந்தைய பதிப்புகள் டைரக்ட் 3டி 11 பக்கத்தில் இதற்கு நேர்மாறான பொய்யை இயல்பிலேயே சொல்லிக்கொண்டிருந்தன. என்விடியா அட்டை என்று தெரிந்தால் சில விளையாட்டுகள், குறிப்பாக அன்ரியல் எஞ்சின் 4 என்ற விளையாட்டு உருவாக்கும் கருவியில் எழுதப்பட்டவை, என்விடியாவின் தனி நூலகத்தைத் தேடிப் போய் அது இல்லாமல் விழுந்தன. அதனால் என்விடியா அட்டையை ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 என்று அறிமுகப்படுத்தி, அப்படிச் செய்ததாகப் பதிவிலும் ஒரு வரி எழுதி வைத்தார்கள். நான் இன்டெல்லை என்விடியாவாக்கக் கஷ்டப்பட்ட அதே கருவியில், என்விடியாவை ஏஎம்டியாக்குவது இயல்புநிலையாக இருந்தது.

பெயர் கேட்காத நிரல்களும் வேறு விதத்தில் படுத்தும். அதே குறுந்தகட்டுப் பையில் 1990களின் கடைசியில் வந்த ஓப்பன் ஜிஎல் விளையாட்டு ஒன்று இருந்தது. திறந்தவுடன் மூடிக்கொண்டது. டிரைவர் தன் நீட்சிகளின் பெயர்களையெல்லாம் ஒரே நீளமான சரமாகச் சொல்லும். இந்த நிரல் அதை ஒரு குறிப்பிட்ட அளவுப் பெட்டிக்குள் நகலெடுக்கப் பார்த்து வெடிக்கிறது. அன்று சில பத்துப் பெயர்கள், இன்று சில நூறு. மெசாவில் இதற்கென்றே ஒரு சூழல் மாறி இருக்கிறது. இந்த ஆண்டுக்குப் பின் வந்த நீட்சிகளைச் சொல்லாதே என்று ஆண்டைக் குறிப்பிடலாம். 2000 என்று கொடுத்தேன், ஓடிவிட்டது. இதற்கு ஐந்து நிமிடம் ஆனது. நிழலுக்கு ஆன நேரத்தை நினைத்தால் வயிற்றெரிச்சல்தான்.

குறுந்தகட்டுப் பெட்டிக்குள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்: வைன், விண்டோஸ் எக்ஸ்பி, நினைவகம் 512, பதின்மத்தில் 4318, 65. டிஎக்ஸ்விகே, பதினாறு நிலையில் 10டிஇ, 0041. பட்டியல் கோப்பில் நான் சேர்த்த 5917 வரி இப்போது தேவைப்படவில்லை. எடுத்துவிட்டு மூலக் கோப்பையே திரும்ப வைத்தேன். மூன்றாவது பந்தயத்தில் வரும் இரும்புப் பாலத்தின் அடியில் மட்டும் நிழல் இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. வைனிலும் மினுக்குகிறது, டிஎக்ஸ்விகேயிலும் மினுக்குகிறது. அன்றைய உண்மையான 6800இலும் மினுக்கியதா என்று விடுதி நண்பனிடம் கேட்டிருக்கிறேன். அந்தக் கணினி இன்னும் அவன் ஊர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறதாம். ஊருக்குப் போனால் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.